கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு பிளானில் கையெழுத்துப் போடுங்கள்

புதிதாக மருத்துவமனை கட்டப்போகும் டாக்டர்கள் பெரும்பாலும் முகப்புப் படத்தோடுதான் வருகிறார்கள். கண்ணாடிச் சுவர், கிரானைட் போட்ட ரிசப்ஷன், தூரத்திலிருந்தே தெரியும் பெயர்ப்பலகை. மருத்துவமனைகளை வடிவமைக்கும் நான் கேட்கும் முதல் கேள்வி, வார்டில் கட்டில் எங்கே, தலைமாடு எந்தப் பக்கம் என்பது. ரிசப்ஷனில் நோயாளி இருப்பது கொஞ்ச நேரம். அப்புறம் நாள்கணக்கில் மல்லாந்து படுத்திருக்கிறார். அவர் பார்ப்பதெல்லாம் சீலிங், எதிர்ச் சுவர், பாத்ரூம் கதவு.

பின்லாந்தின் பைமியோவில் 1933-ல் திறக்கப்பட்ட காசநோய் மருத்துவமனையைக் கட்டிடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ இப்படி யோசித்துத்தான் கட்டினார். அறையின் சீலிங்குக்குக் கண்ணை உறுத்தாத அடர்ந்த பச்சை அடித்தார். படுத்திருப்பவர் கண்ணில் நேராக அடிக்காதபடி விளக்கை வைத்தார். ஒருவர் கை கழுவும் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துவிடக் கூடாது என்று, தண்ணீர் சத்தமில்லாமல் விழும் சாய்வில் வாஷ்பேசினையே செய்ய வைத்தார். நாமோ இன்றும் கட்டிலுக்கு நேர் மேலே எல்.இ.டி. பேனலைப் பொருத்துகிறோம். அதைத் தள்ளி வைக்கவும், ஸ்விட்சைப் படுத்தபடியே கை எட்டும் இடத்தில் வைக்கவும் பெரிய செலவு ஒன்றும் கிடையாது.

ஜன்னலும் அப்படித்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டு, ரோஜர் உல்ரிக் 1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நான் அதை நம்புகிறேன். நம் ஊர் மனைகளில் மரத்துக்கு இடமில்லை என்பார்கள். சரி, ஜன்னலின் அடிமட்டத்தையாவது இரண்டடிக்கு இறக்கி, நல்ல கிரில் போடுங்கள். தெருவில் நடமாட்டமாவது தெரியும்.

நான் அதிகம் சண்டை போடுவது பாத்ரூமுக்காக. அறுவைச் சிகிச்சை முடிந்து முதல்முறை எழுந்து நடப்பவர் போகும் இடம் அதுதான். படுத்தே இருந்தவர் எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நேரத்தில் காலடியில் நாலு அங்குல வாசப்படி! தண்ணீர் வெளியே வராமலிருக்க அப்படிக் கட்டுவதாகக் கொத்தனார் சொல்வார். தளம் போடும்போதே பாத்ரூம் பகுதியை இறக்கிப் போட்டுத் தரையைச் சரிவாக அமைத்தால் படியே வேண்டாம். கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது. மயங்கி விழுபவர் கதவை ஒட்டியே விழுந்தால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும் கதவும், வெளியிலிருந்தும் விடுவிக்கக்கூடிய தாழ்ப்பாளும் வேண்டும். இரண்டரை அடி அகல வாசல்நிலையில் சட்டமும் கதவும் போக மிஞ்சும் இடத்தில் வீல்சேர் முட்டும், குறைந்தது மூன்றடி வழி விடுங்கள். கைப்பிடிக் கம்பியைச் சுவரில் ஆழமாகப் பதிக்க வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது ஆளோடு சேர்ந்து வந்துவிடும்.

இன்னொன்று. ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் அம்மாவை மகன் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். டியூப் குறுக்கே இருப்பதால் கதவைச் சாத்த முடியவில்லை. அந்த அம்மாவின் கூச்சத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே சுவரில் ஒரு கொக்கி இருந்திருந்தால் போதும்.

வாசலில் ராம்ப் இல்லாத மருத்துவமனை இப்போது குறைவு. ஆனால் ஏற முடிகிற ராம்ப்தான் அரிது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. இரண்டரை அடி உயர வாசலுக்கு முப்பது அடி வேண்டும். பத்தடியில் முடித்துவிட்டால் பைக்தான் ஏறும்.

கூட இருப்பவர்களையும் பிளானில் சேருங்கள். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. ராத்திரி அந்த அக்காவோ மனைவியோ கட்டிலுக்கடியில் பாய் விரிக்கிறார்கள், அவசரத்துக்கு வரும் சிஸ்டர் அவர்களைத் தாண்டித்தான் போகிறார். ஜன்னலோரம் ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு திண்ணை, சாப்பாட்டுப் பையை வைக்க ஒரு தட்டு, போனுக்கு ஒரு பிளக் பாயிண்ட் போதும்.

கட்டிடம் எழும்பியதும் ஓர் அறையை மட்டும் முதலில் முடியுங்கள். அதில் கட்டில், ட்ரிப்ஸ் ஸ்டாண்ட், வீல்சேர் எல்லாவற்றையும் போட்டு, நைட் டியூட்டி சிஸ்டரையும் ஆயாம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்களும் அரை மணி நேரம் அந்தக் கட்டிலில் படுத்துப் பாருங்கள். அவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்திய பிறகு மற்ற அறைகளுக்கு டைல்ஸ் ஒட்டலாம்.