சீட்டை மாற்றும் முன் உடையைக் கவனியுங்கள்

சைக்கிள் ஓட்டுபவர்கள் பிசியோதெரபிக்கு வரும்போது பெரும்பாலும் சீட்டைத்தான் குறை சொல்வார்கள். சிலர் இரண்டு மூன்று சீட் மாற்றிப் பார்த்துவிட்டே வந்திருப்பார்கள். நான் முதலில் கேட்பது, என்ன உடுத்திக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்பதைத்தான். அரை மணி நேரம் எந்தத் தொல்லையும் தராத பேன்ட், மூன்றாவது மணி நேரத்தில் தொடையிடுக்கைப் புண்ணாக்கிவிடும். கிளம்பும்போது வெயிலா மழையா என்று பார்க்கிற அளவுக்கு, எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

உங்கள் ஜீன்ஸ் ஒன்றை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். இரண்டு கால் தையல்களும் முன்பின் தையல்களும் கூடுகிற இடத்தில் துணி பல மடிப்பாகத் தடித்துக் கெட்டியாக இருக்கும். சீட்டில் உட்கார்ந்ததும் அந்தத் தடிப்பு, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற இடத்துக்கு நேர் கீழே வந்து அழுத்தும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு தொடையும் 4,800 முறை அந்தத் தையலில் உரசுகிறது. ஈரத் தோலில் உரசல் இன்னும் அதிகம். வியர்வை காய்ந்தால் உப்பும் சேர்ந்து அறுக்கும். முதலில் சிவக்கும், பிறகு எரியும், அதன்பின் மயிர்க்கால்களில் கிருமி புகுந்து கொப்புளம் கட்டும்.

உட்காரும் இடத்தில் மெத்தைபோன்ற பேட் வைத்துத் தைத்த பேடட் ஷார்ட்ஸ் இதற்காகத்தான் வந்தது. அதை உள்ளாடை இல்லாமல் நேராகத் தோலின் மேல் அணிய வேண்டும். இதைச் சொன்னதும் பலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் உள்ளே ஜட்டி போட்டால் எந்தத் தையலைத் தவிர்க்க இவ்வளவு செலவழித்தோமோ, அதே தையல் மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறது. வெளியே தெரிகிறதே என்று தயங்குபவர்கள் மேலே ஒரு தளர்வான ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

பேட் தடிமனாக இருந்தால் நல்லது என்று கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறார்கள். மெத்தென்ற பேடில் உட்காரும் எலும்புகள் இரண்டும் கீழே அமிழ்ந்துவிடும், நடுப்பகுதி மேலெழுந்து நரம்பை அழுத்தும். நீண்ட தூரத்துக்குத் தடிமன் அளவாக, எலும்பு படும் இடத்தில் அடர்த்தியாக இருக்கும் பேடே நல்லது. போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்று முடிவு செய்யாதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்ததுபோல் முன்னால் குனியுங்கள். தோளில் மாட்டும் பட்டைகள் வைத்த பிப் ஷார்ட்ஸ், நிற்கும்போது தோளை இழுத்தாலும் குனிந்ததும் சரியாகப் பொருந்தும். இடுப்பில் எலாஸ்டிக் இல்லாததால் வயிற்றையும் அழுத்தாது, பேடும் நகராது. வழியில் கழிப்பறைக்குப் போவதுதான் கொஞ்சம் தலைவலி.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. தடித்த தையல் இல்லாத, கால் மடக்க வசதியான சாதாரண டிராக் பேன்ட் போதும். பேன்ட்டின் வலது காலைச் செயினில் சிக்காதபடி கட்டிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு நாலு கிலோமீட்டர் போகிறவரைப் பந்தய வீரர்போல உடுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பயத்திலேயே சைக்கிளை விட்டவர்கள் உண்டு.

இனி வெயில். நம் தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி முழுக்க வெப்பம். பெடலில் 150 வாட் கொடுக்கிறவரின் உடம்பு ஏறக்குறைய 450 முதல் 600 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் அதோடு போய்விடும். ஆவியானால் மட்டுமே. சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் உடம்புக்குக் குளிர்ச்சி இல்லை, தண்ணீர் நஷ்டம்தான். அதனால் கோடை ஜெர்சிக்கு வேலை ஒன்றுதான்: வியர்வையை மெல்லியதாகப் பரப்பிக் காற்றிடம் ஒப்படைப்பது. பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு, பருத்தி தன்னுள் வாங்கித் தேக்கிக்கொள்ளும். குறைந்த தூரம், வறண்ட வெயில் என்றால் பருத்திச் சட்டை தாராளமாகப் போதும். இரண்டாவது மணி நேரத்தில் அதே சட்டை கனத்து முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

ஈரப்பதம் மிகுந்த நாளில் எந்த விலையுயர்ந்த ஜெர்சியும் அற்புதம் செய்யாது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை. அன்று வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டரில் மேடு ஏறும்போது அதே வேகத்தில் பின்னாலிருந்து காற்று வீசினால், உங்கள் மேல் காற்றே படாது. நாளின் மிகச் சூடான தருணம் அதுதான். கழுத்திலிருந்து அடிவரை திறக்கும் ஜிப் உள்ள ஜெர்சியை நான் சிபாரிசு செய்வது இதற்காகவே. தலைவலி, குமட்டலோடு பேச்சுக் குழறினாலோ குழப்பம் தெரிந்தாலோ உடையைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

வெயிலில் கையில்லாத பனியன் குளுமை என்று நினைப்பவர்கள் மெல்லிய முழுக்கைக்கு ஒருமுறை மாறிப் பாருங்கள். யுபிஎஃப் 50 என்று குறித்த துணி புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். ஜெர்சி மேலேறித் திறந்துகிடக்கும் கீழ்முதுகும் பின்கழுத்தும்தான் அதிகம் கருகுகின்றன.

குளிரில் கணக்கு தலைகீழ். வெப்பநிலை 10 டிகிரி என்று போன் காட்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் அது தோலுக்கு ஏறக்குறைய 7 டிகிரி. வெப்பநிலை 5 டிகிரி என்றால் பூஜ்யம். அதற்காக வீட்டிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினால் மேட்டில் வியர்த்து நனைவீர்கள், இறக்கத்தில் அந்த ஈரமே உடம்பை வெடவெடக்க வைக்கும். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. தோலை ஒட்டி வியர்வை கடத்தும் உள்பனியன், மேலே ஜெர்சி, அதன்மேல் முன்புறம் காற்றைத் தடுத்து முதுகில் வலைத்துணி வைத்த கையில்லா ஜாக்கெட். கடைசியாகச் சொன்னது சுருட்டினால் பின்பாக்கெட்டில் அடங்கும். டூர் டி பிரான்ஸில் மலையுச்சியைத் தொட்ட வீரர்கள் இறங்கும் முன் செய்தித்தாளை ஜெர்சிக்குள் செருகிக்கொள்வதும் இதே காரணத்துக்குத்தான். அவசரத்துக்கு நீங்களும் செய்யலாம்.

குளிரில் விரல்களை முதலில் காப்பாற்றுங்கள், மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. பாதம் குளிர்கிறது என்று அதே ஷூவுக்குள் தடித்த சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். ஷூவின் மேல் உறை போடுவது நல்லது. குளிர்காற்று பட்டால் முழங்கால் தேய்ந்துவிடும் என்பது வீண் பயம். ஆனால் அங்கே சதை குறைவு, விறைப்பு வரும், உறை போட்டால் ஓட்டுவது சுகமாக இருக்கும்.

மழைக் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான மழையில் நீண்ட நேரம் ஓட்டினால் கோட்டுக்குள்ளேயே வியர்வையில் நனைவீர்கள், அதைவிட மழையில் நனைவதே மேல். குளிர்மழையில் உள்ளே ஈரமானாலும் கோட்டைக் கழற்றாதீர்கள், காற்றை அது தடுக்கிறது. பளீர் மஞ்சள் நிறம் பகலிலும் அந்தியிலும் கண்ணில் படும். இரவில் அதை நம்பாமல், ஒளி திருப்பும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் அசைவதால் ஓட்டுநருக்கு அது மனிதர் என்று சட்டெனப் புரியும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறது என்று வருபவர்களுக்கு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் ஓடும் நரம்பு அழுந்தியிருக்கும். அந்த இடத்தின் இருபுறமும் பேட் வைத்த கையுறை உதவும். கையை அடிக்கடி இடம் மாற்றிப் பிடிப்பது அதைவிட உதவும்.

ஓட்டி முடித்ததும் ஈரமான ஷார்ட்ஸோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்காமல் உடனே மாற்றுங்கள். அன்றன்றே துவைத்து, பேட் வெளியே தெரியும்படி திருப்பிக் காயவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், இழைகளில் படிந்து வியர்வை கடத்தும் திறனைக் கெடுத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பிறப்புறுப்புப் பகுதியில் மரமரப்பு ஒவ்வொரு முறையும் வருகிறது, இறங்கிய பின்னும் நீடிக்கிறது என்றால் சீட்டின் உயரத்தையும் சாய்வையும் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள், மருத்துவரையும் பாருங்கள். கொப்புளம் பெரிதாகி வலித்தால், காய்ச்சலும் சேர்ந்தால் பிதுக்காதீர்கள். ஆறும்வரை சைக்கிளைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள்.