சாட்சி சொல்லும் நாளில் நோய் எங்கே போகிறது?

போலிப் போதகரை வைத்து எடுக்கும் திரில்லர் படங்களில் காதுக்குள் ஒளித்த கருவி ஒன்று தவறாமல் வரும். கதாசிரியர்கள் அதற்காக மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. 1980களில் அமெரிக்காவில் பீட்டர் பாபாஃப் என்ற பிரசங்கியார், கூட்டத்தில் முன்பின் அறியாதவர்களின் பெயர், நோய், வீட்டு முகவரி வரை சொல்லி மலைக்க வைத்துக்கொண்டிருந்தார். 1986இல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு வானொலி ஸ்கேனருடன் அவர் கூட்டத்துக்குப் போனது. 39.17 மெகாஹெர்ட்ஸில் சிக்கியது பிரசங்கியாரின் மனைவியின் குரல். மக்கள் முன்கூட்டியே கொடுத்திருந்த ஜெபக் குறிப்புகளை அவர் படிக்கப் படிக்க, மேடையில் அவை 'வெளிப்பாடு' ஆயின. பதிவு தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டே பாபாஃப் திவால் நோட்டீஸ் கொடுத்தார். பிறகு மறுபடியும் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார் என்பது தனிக் கதை.

சக்கர நாற்காலி வித்தைக்குக் கருவிகூட வேண்டாம். மெதுவாக நடந்து வரும் முதியவரை வாசலிலேயே உபசரித்து நாற்காலியில் அமர்த்தி, முன்வரிசைக்குத் தள்ளிச் செல்வார்கள். பிறகு 'எழுந்து நட' என்று கட்டளை வரும். அவர் எப்போதும்போல் நடப்பார். அவர் நடந்து வந்ததைப் பார்த்திராத கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

இவ்வளவும் ஏமாற்று. ஆனால் மேடையில் 'வலி போய்விட்டது' என்று அழுபவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. குணமாகிவிடும் என்ற எதிர்பார்ப்பே மூளையில் எண்டார்பின்கள் என்ற இயற்கை வலிநிவாரணிகளைச் சுரக்க வைக்கும். 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் பல் பிடுங்கியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மருந்தே இல்லாத போலி மருந்தில் வலி குறைந்தவர்களுக்கு, எண்டார்பின்களின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் வலி கூடியது. ஆக, அந்த நிவாரணம் உடல் தானே தயாரித்துக்கொண்டது. அதனால் கட்டி கரையாது, ஒடிந்த எலும்பு கூடாது.

சந்தேகம் ஏன் எழுவதில்லை என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், பக்தர்களுக்கு ஜெபங்களின் ஒலிப்பதிவைக் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். 'இவருக்குக் குணமாக்கும் வரம் உண்டு' என்று சொல்லப்பட்ட குரலைக் கேட்டபோது, சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. அந்தக் குரலுக்குரியவர் வரம் ஏதுமில்லாத சாதாரண ஆள்.

மனநோயில்தான் இந்த மேடை மிக ஆபத்தானது. இருமுனைக் கோளாறு, அளவுமீறிய உற்சாகமான பித்துநிலையும் மனச்சோர்வுமாக ஏறியும் இறங்கியும் வரும் நோய். குடும்பத்தார் போதகரைத் தேடி ஓடுவது நிலைமை உச்சத்தில் இருக்கும்போது; உச்சத்துக்குப் பிறகு எதுவும் செய்யாமலேயேகூட அது ஓரளவு தணியும். குணமாக்கிய பெருமை ஜெபத்துக்குப் போகும். மறுபக்கம், 'விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?' என்ற பேச்சு. பாபாஃப் கூட்டங்களில் மக்கள் தங்கள் மருந்துப் புட்டிகளை மேடையை நோக்கி வீசினார்கள். இதய நோய்க்கான மருந்துகளும் அவற்றில் இருந்தன.

இதய மருந்தை விட்டவருக்குச் சில நாளில் மூச்சு வாங்கலாம். மனச்சிதைவு மருந்தை விட்டவருக்கோ பெரும்பாலும் உடனே எதுவும் நடப்பதில்லை. நோய் திரும்ப வாரங்கள், மாதங்கள் ஆகும். மருந்து தந்த நடுக்கமும் தூக்கக் கலக்கமும் மட்டும் முதலில் விலகும். ஆள் முன்னைவிடத் தெளிவாகத் தெரிவார். 'குணமானேன்' என்ற சாட்சி பதிவாவது சரியாக இந்த இடைவெளியில்தான். மறுபடி குரல்கள் கேட்கத் தொடங்கும்போது கேமராக்கள் அங்கே இருப்பதில்லை, 'விசுவாசம் குறைந்துவிட்டது' என்று பழி நோயாளி மேலேயே விழுகிறது. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தை நிறுத்த நேர்ந்தால் மனநல மருத்துவர்கள் வாரக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் பித்துநிலை திரும்பும் வாய்ப்பு கூடும் என்பதால்.