கட்டைவிரலால் முடியாததை நிலவு எப்படிச் செய்கிறது?

"99 விழுக்காடு சூரிய கிரகணம் வீட்டு வாசலிலேயே தெரிந்தால் போதாதா? மிச்சம் ஒரு விழுக்காட்டுக்காக எதற்கு இவ்வளவு தூரம் போகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போகத்தான் வேண்டும் என்பேன். சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டமான கொரோனா, நிலவு சூரியனை முழுவதும் மறைக்கும்போது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

சூரியன் நிலவைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது, சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. இது பள்ளியில் படித்ததுதான். சரி, கொரோனாவுக்கு வருவோம்.

இந்த ஒளிவட்டம் எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது, இந்த நிமிடம்கூட. ஆனால் அதன் வெளிச்சம் சூரியத் தட்டின் வெளிச்சத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்படியென்றால் கட்டைவிரலை நீட்டித் தட்டை மறைத்தால் கொரோனா தெரிய வேண்டுமே? தெரியாது. விரல் மறைப்பது நம் கண்ணுக்கு மட்டும்தான். விரலுக்கு அப்பால் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று வெயிலில் குளித்துக்கொண்டே இருக்கிறது. அது சிதறடிக்கும் நீல ஒளியில் கொரோனா மூழ்கிவிடுகிறது.

நிலவோ காற்றுக்கு வெளியே நின்று மறைக்கிறது. தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதும் நிழலுக்குள் போய்விடுகிறது. அப்போது அடிவானத்தைப் பாருங்கள், எல்லாத் திசையிலும் அந்திச் சிவப்பு இருக்கும். நிழலுக்கு வெளியே இன்னும் வெயில் படும் காற்று அது.

சூரியன் முழு நிலவைவிட 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. அதில் ஒரு விழுக்காடு மிஞ்சினாலே ஆயிரக்கணக்கான முழு நிலவுகளின் வெளிச்சம்! அது காற்றை ஒளிர வைக்கப் போதும். நிலவின் நிழல் விழும் பாதைக்குள் போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சாரில் சூரியன் முழுவதும் மறையும் இந்த இருட்டு 6 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 டிசம்பரில் அனுப்பிய புரோபா-3 இதே வேலையை விண்வெளியில் செய்கிறது. 150 மீட்டர் இடைவெளியில் பறக்கும் இரு செயற்கைக்கோள்களில் ஒன்று மற்றொன்றுக்குச் சூரியனை மறைக்கிறது. இதெல்லாம் வீண் செலவு என்பவர்களை என்னால் ஏற்க முடியாது. செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் பாதிக்கும் சூரியப் புயல்கள் கொரோனா வழியாகத்தான் கிளம்பி வருகின்றன.

படம் எடுப்பவர்கள் லென்ஸில் சூரிய ஃபில்டர் போட்டபடியே சூரிய விளிம்பில் ஃபோகஸ் செய்து, லென்ஸ் வளையம் நகராமல் டேப் ஒட்டிவிடுங்கள். முழுமறைவு தொடங்கியதும் ஃபில்டரைக் கழற்றுங்கள். தட்டை ஒட்டிய கொரோனாவுக்கு ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால் போதும், வெளி இழைகளுக்கு ஒரு நொடிகூட ஆகும். ஒரே படத்தில் இரண்டும் அடங்காது, அதனால் ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றி வரிசையாக எடுங்கள். அப்புறம் காமிராவை விட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். நிலவின் விளிம்பிலுள்ள பள்ளத்தாக்கு ஒன்றின் வழியே முதல் ஒளிப்புள்ளி வெடித்ததும் ஃபில்டர் லென்ஸுக்கும், கிரகணக் கண்ணாடி கண்ணுக்கும் திரும்பிவிட வேண்டும்.