சக் என்பதும் குறடு என்பதும்

“சக்கில பிடிச்சு, டிரில் ஓட்டி, பிறகு போர் அடிச்சாச் சரி.” கொழும்பு பஞ்சிகாவத்தையின் உட்தெரு ஒன்றில், என் வீட்டு நீர்ப்பம்பியின் தேய்ந்துபோன புஷ்ஷை, அதாவது தண்டு சுழலும் உலோக உறையை, கையில் புரட்டிப் பார்த்தபடி, லேத் எனும் கடைசல் பொறியை இயக்கும் லேத் பாஸ் ஒருவர் சொன்ன வாக்கியம் இது. அதில் வரும் வினைகள் எல்லாம் தமிழ்; பொருளைச் சுமக்கும் பெயர்கள் எல்லாம் பிறமொழி. அவரை நாங்கள் அழைக்கும் ‘பாஸ்’ என்ற சொல்லே, 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியில் தலைமைத் தொழிலாளியைக் குறித்த சொல்தான். மேசன் பாஸ், வடு பாஸ் (தச்சர்), லேத் பாஸ் என்று அது இங்கே சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆனால் தமிழ்மொழி மூலம் கடைசல் தொழிலைப் பயிலும் மாணவருக்கு ஒரு பாடக்குறிப்பை எழுத அமரும்போது, ‘சக்’ என்பதற்கு எதை எழுதுவது என்ற கேள்வி உண்மையாகவே எழுகிறது. இக்குறிப்பு பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

முதலில் பொருள். லேத்தில் வெட்டும் அலகு சுழல்வதில்லை, வெட்டப்படும் உலோகமே சுழல்கிறது. ஆகவே, சுழலும் அச்சின் முனையில் அந்த உலோகத் துண்டை நழுவாமலும் நடுப்பிசகாமலும் பற்றிக்கொள்ளும் உறுப்பு ஒன்று வேண்டும், அதுவே சக். மூன்று தாடைகள் கொண்ட வகையில், உள்ளே ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதன் முன்முகத்தில் சுருள் வடிவப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும், பின்முகத்தில் சரிவுப் பற்கள் இருக்கும். பக்கவாட்டுத் துளையில் சாவியைச் செருகித் திருகும்போது சிறிய பற்சில்லு ஒன்று அந்தத் தட்டைச் சுழற்ற, சுருளில் பொருந்தியிருக்கும் மூன்று தாடைகளும் ஒரே அளவாக நடுவை நோக்கி நகர்ந்து துண்டைப் பற்றுகின்றன. தாடைகளில் 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பது அழகுக்காக அன்று: சுருளின் ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு முன்பின்னாக ஒவ்வொரு தாடையின் பல்லும் வெட்டப்பட்டிருப்பதால், வரிசை மாற்றிச் செருகினால் அவை நடுவில் சந்திக்கமாட்டா. நான்கு தாடை வகையில் ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும். அதனால் சதுரத் துண்டையும் கோணல் வார்ப்பையும் பிடிக்கலாம், அளவுமானி வைத்து மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குவரை நடுவைச் சரிசெய்யவும் முடியும். சுருளை நம்பும் மூன்று தாடை வகையோ, சாதாரணமாக 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை பிசகக்கூடியது; வேகமே அதன் சிறப்பு.

சொல்லின் பிறப்பு இந்த இரும்பு உறுப்பைவிட எளிமையானது. ஆங்கிலத்தில் ‘சக்’ என்பதும் ‘சொக்’ என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். இரண்டுக்கும் அடிப்பொருள் மரக்கட்டை. பழைய வட பிரெஞ்சு மொழியில் மரத்துண்டைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்ததாகக் கருதப்படுகிறது. லொறிச் சில்லு உருளாமல் அடை கொடுக்கும் கட்டைக்கு இன்றும் ஆங்கிலத்தில் ‘சொக்’ என்றே பெயர். 1703ஆம் ஆண்டு அச்சான ஆங்கிலத் தொழில்நூல் ஒன்றில் கடைசல் பொறியின் இந்த உறுப்பு ‘சொக்’ என்றே குறிக்கப்படுகிறது. அக்காலத்தில் அது பெயருக்கேற்ப மரக்கட்டைதான்: சுழலச்சில் திருகிப் பொருத்திய கட்டையில், கடைய வேண்டிய பொருளின் அளவுக்கு ஒரு குழி கடைந்து, அதற்குள் பொருளைத் தட்டி இறுக்குவார்கள். வேறு அளவுள்ள பொருள் வந்தால் வேறு கட்டை. தாடைகளும் சுருள் தட்டும் 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தன; கட்டை போய் இரும்பு வந்தபின்னும் பெயர் மட்டும் கட்டையாகவே நின்றுவிட்டது.

நம் பட்டறைகளில் இதைச் ‘சக்கு’ என்று உகரம் சேர்த்துச் சொல்லும்போது, சக்கரத்தோடு உறவுடைய சொல் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஒலியும் பொருளும் அருகருகே நிற்பதால் அந்த எண்ணம் இயல்பானது. ஆயினும் மேலே கண்ட வரலாற்றின்படி இரண்டுக்கும் தொடர்பில்லை.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘கவ்வி’, ‘பற்றி’, ‘பிடிப்பான்’ ஆகிய மூன்றும் எவருக்கும் முதலில் தோன்றக்கூடியவை. செயலைச் சொல்கின்றன என்ற அளவில் குற்றமில்லை. ஆனால் கவ்வி என்பது எதையும் கவ்வும் எந்தக் கருவிக்கும் பொருந்தும். ஒரே மேசையில் வைஸ், கிளாம்ப், சக் மூன்றும் இருக்கும் பட்டறையில் அச்சொல் மாணவனுக்கு வழிகாட்டாது. ‘பற்றி’ வாக்கியத்துக்குள் வந்தால், ‘அதைப் பற்றி’ என்னும் சொல்லுருபோடு மயங்கும். ‘பிடிப்பான்’ மேசையில் செய்த சொல்; எந்தத் தொழிலாளியின் வாயிலும் அது ஏறி நான் கேட்டதில்லை.

எனக்கு நிறைவு தருவது ‘குறடு’. இலங்கைத் தமிழருக்கு இது புதிய சொல் அன்று. ஆணி பிடுங்குவதும் கம்பி முறுக்குவதும் குறட்டால்தான். கொல்லரின் கையிலும் தட்டாரின் கையிலும் அதே பெயர்தான். தாடைகளால் இறுகப் பற்றுவது என்ற பொருள் அதில் முழுமையாக இருக்கிறது. வியப்பு அதற்கு மேல்தான். தமிழ் அகராதிகள் குறடு என்பதற்குப் பற்றுங்கருவி என்ற பொருளோடு மரக்கட்டை என்ற பொருளையும் தருகின்றன. காலில் அணியும் மரப்பாதுகை பாதக்குறடு ஆனது அதனால்தான். மூன்றாவதாக, ஆரக்கால்கள் வந்து சேரும் வண்டிச் சில்லின் நடுக்கட்டையும் குறடே. கட்டையாகப் பிறந்து, பற்றுவதைத் தொழிலாகக் கொண்டு, சுழலும் அச்சின் நடுவில் நிற்கும் ஓர் உறுப்புக்கு, இந்த மூன்று பொருளையும் ஒருங்கே தாங்கிய சொல் நம் மொழியில் முன்னரே இருந்திருக்கிறது. இதை முதன்முதலில் சேர்த்துப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

கைக்குறட்டோடு மயங்காதா என்ற கேள்வி நியாயமானது. ‘கடைசற்குறடு’ என்று அடைகொடுத்தால் மயக்கம் தீரும். அதன்பின் வகைகளும் தாமாக அமைகின்றன: முத்தாடைக் குறடு, நான்கு தாடைக் குறடு, டிரில் அலகைப் பிடிக்கும் துரப்பணக் குறடு, குறட்டுச் சாவி. இந்தச் சாவியைக் குறட்டிலேயே விட்டுவிட்டுப் பொறியை இயக்கினால் அது எறிபடைபோலப் பறந்து வரும் என்பதால், கையிலிருந்து சாவியை விடுமுன் குறட்டிலிருந்து அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது தொழில் பயில்வோரின் முதற்பாடம்.

கடைசல் என்ற அடைமொழியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். லேத் என்ற ஆங்கிலச் சொல் ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியே வந்ததாகக் கருதப்படுகிறது. தமிழின் ‘கடை’ என்ற வினையோ நம் சமையற்கட்டிலேயே இருக்கிறது. மத்தில் கயிற்றைச் சுற்றி இரு கையாலும் மாறிமாறி இழுத்துத் தயிர் கடைவதும், அச்சில் வாரைச் சுற்றி மாறிமாறி இழுத்து மரம் கடைவதும் ஒரே அசைவு. ஆதலால் ஒரே வினை. மத்து நிலையாக நிற்க அடியில் ஒரு தாங்கல் வேண்டும் என்பதைப் பாற்கடல் கதையும் அறிந்திருந்தது: மந்தர மலை அமிழத் தொடங்கியபோது திருமால் ஆமையாகிக் கீழே தாங்கினார் என்கிறார்கள். ‘கடைந்தெடுத்த’ என்ற வழக்கும் இங்கிருந்து வந்ததே. கொழும்பில் சிங்களத் தொழிலாளர் ‘லியன பட்டல’ என்று தம் சொல்லையும் வழங்குகிறார்கள். நாம்தான் கடைசலை மரத்தோடு நிறுத்திவிட்டு, இரும்பு வந்ததும் லேத்துக்கு மாறிவிட்டோம்.

துளைக்கு வந்தால், லேத் பாஸின் வாக்கியத்தில் இருந்த இரு சொற்களையும் பிரித்தறிய வேண்டும். டிரில் என்ற சொல்லும் ஒல்லாந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. லேத்தில் அலகு, குறட்டுக்கு எதிர்முனையில் உள்ள பின்தலையில் சுழலாமல் நிற்க, சுழலும் துண்டுக்குள் அது முன்னோக்கிச் செலுத்தப்படுகிறது. இல்லாத துளை உண்டாகிறது. இது துளைத்தல். அதற்குரிய கருவிக்குத் தச்சரிடம் ‘துரப்பணம்’ என்றும், சிறியதற்குத் ‘தமரூசி’ என்றும் பெயர்கள் உண்டு. தமர் என்றாலே துளைதான். டிரில் அலகுக்குத் துரப்பண அலகு என்பது தெளிவாகப் பொருந்தும்.

போர் அடிப்பது அதுவன்று. டிரில் அலகு எவ்வளவு கூரானதாயினும் நீளும்போது சிறிது வழிதவறும். துளை வட்டமாக இருந்தாலும் நடுவச்சில் இராது. ஏற்கெனவே உள்ள அந்தத் துளைக்குள் ஒற்றை முனை வெட்டலகு பூட்டிய தண்டைச் செலுத்தி, உட்சுவரைச் சீவி, அகலத்தை அளவுக்குக் கொண்டுவந்து, அச்சையும் நேராக்குவதே ‘போர்’. ஆங்கிலத்தில் அது மிகப் பழைய சொல். சலிப்பு என்ற பொருளில் நாம் சொல்லும் ‘போர் அடிக்கிறது’ என்பதற்கு மூலமான ஆங்கிலச் சொல் பொருளால் வேறு, நெற்கதிர் போரடித்தல் முற்றிலும் வேறு. மூன்றும் ஒரே ஒலியில் வந்து மோதுவதே இச்சொல்லைக் கைவிடப் போதிய காரணம். தமிழில் இதற்கு நேரான வினை ‘குடைதல்’. மலையைக் குடைந்து குடைவரைக் கோயில் எடுத்தார்கள். வண்டு மரத்தைக் குடைகிறது. குடைந்து குடைந்து கேட்கிறோம். உள்ளிருந்து சீவி அகலப்படுத்துவதுதான் எங்கும் பொருள். துளைத்தலையும் குடைதலையும் தமிழ் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்க, பாடக்குறிப்புகள் சிலவற்றில் இரண்டையுமே ‘துளையிடல்’ என்று எழுதியிருப்பதைக் காணும்போது வருத்தமாகவே இருக்கிறது, ஏனெனில் இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதில்லை. ஆங்கிலேய இரும்புத் தொழிலதிபர் ஜோன் வில்கின்சன் 1775இல், இரு முனையிலும் தாங்கப்பட்ட தண்டைக்கொண்டு உருளைகளைக் குடையும் பொறியை அமைத்த பின்னரே, ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறிக்கு ஆவி கசியாத உருளை கிடைத்தது. துளையைத் திறப்பதில் அன்று சிக்கல் இருக்கவில்லை, வார்ப்பிலேயே உருளைக்கு உள்வெளி இருந்தது. அதை உண்மையான வட்டமாகக் குடைவதில்தான் சிக்கல் இருந்தது.

ரீமர் என்னும் துளைசீர் கருவி செய்வது இன்னும் நுண்ணியது: துளையின் சுவரில் மில்லிமீற்றரின் சில பத்தில் பங்குகளை மட்டும் எடுத்து வழவழப்பாக்குவது. தச்சர் இழைப்புளிக்கு வழங்கும் ‘இழைத்தல்’ என்ற சொல்லை ‘துளை இழைத்தல்’ என்று இங்கும் கொள்ளலாம். புரி வெட்டுவதற்கு ‘மரை வெட்டுதல்’ என்பது ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது; மாற்றத் தேவையில்லை.

சொற்கள் பயன்படுகின்றனவா என்பதை ஒரு வேலைக்குறிப்பில் வைத்தே பார்க்க வேண்டும். என் பம்பியின் புஷ்ஷுக்கு உரிய குறிப்பை இப்படி எழுதினேன்: “40 மில்லிமீற்றர் வெண்கலத் தண்டை முத்தாடைக் குறட்டில் இறுகப் பிடித்து, முகத்தைச் சீவுக. நடுக்குறி இட்டபின், பின்தலையின் துரப்பணக் குறட்டில் 18 மில்லிமீற்றர் அலகைப் பொருத்தித் துளைக்குக. குடைதண்டால் 19.8 மில்லிமீற்றர்வரை குடைந்து, 20 மில்லிமீற்றருக்கு இழைத்து முடிக்குக.” அதை வாசித்துக் காட்டியபோது லேத் பாஸ் எந்த இடத்திலும் என்னை நிறுத்தவில்லை. ‘குடைதண்டு’ என்ற இடத்தில் மட்டும், கருவிப் பெட்டியிலிருந்து போரிங் பாரை எடுத்து, “இதுதானே?” என்று உயர்த்திக் காட்டினார்.