முதலில் டயர், கடைசியில்தான் உயரம்

புது ஃபோர் வீல் டிரைவ் வண்டியோடு பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "வண்டியை எத்தனை இன்ச் உயர்த்தலாம்?" நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான். எந்த மாதிரித் தரையில் ஓட்டப்போகிறீர்கள்? எத்தனை பேர், எவ்வளவு சாமான்? இதற்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

இன்னும் வாங்கவில்லை என்றால் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்று பாருங்கள். ஆல் வீல் டிரைவ் வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. மழைச் சாலைக்கும் மண் பாதைக்கும் அவை போதும். கல் மேட்டில் நடை வேகத்தில் ஏறவும், பிரேக்கைச் சூடாக்காமல் எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கவும் லோ ரேஞ்ச் வேண்டும். டிஃப் லாக் (ஒரே ஆக்சிலின் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் பூட்டு) இருந்தால் இன்னும் நல்லது. அது இல்லாத ஆக்சிலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதுதான் வெறுமனே சுற்றும், தரையில் ஊன்றிய சக்கரம் அசையாது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் வெறுமனே சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து ஓரளவு சமாளிக்கும்.

அடுத்தது எடை. இரும்பு பம்பரும் வின்ச்சும் (வண்டியை இழுக்க மோட்டாரால் கயிற்றைச் சுற்றும் உருளை) சேர்ந்தாலே 100 கிலோவை நெருங்கும், அதுவும் முழுக்க முன் ஆக்சில் மேல். வண்டியின் சுமைத் திறன் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறினால் 350 போய்விடும். அப்புறம் மேல் கேரியர், கூடாரம், தண்ணீர், கூடுதல் டீசல்! கடினமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்சிலும் சேஸி என்கிற அடிச்சட்டமும் பழையவைதானே?

சரி, உயரத்துக்கு வருவோம். லிஃப்ட் கிட் உடலைத்தான் தூக்கும். இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் உள்ள வண்டியில், அதன் நடுவே கியர்கள் இருக்கும் டிஃபரென்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும், கல்லில் முதலில் இடிப்பதும் பெரும்பாலும் அதுதான். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவுக்கு. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள முன்பக்கத்தை 4 இன்ச் தூக்கி வந்த ஒரு வண்டியில், சில மாதத்திலேயே ஆக்சில் ஜாயின்டை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, மணல் புகுந்து, ஜாயின்ட் அரைபட்டுப் போயிருந்தது. சரிவான கோணத்திலேயே ஓயாமல் சுழன்றதால் வந்த வினை. உயரம் கூடினால் பக்கச் சரிவில் கவிழும் வாய்ப்பும் கூடும். டயர் விட்டம் 10 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 88இல் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் வேலை அதிகம்.

அதனால் முதல் செலவு ரோட்டுக்கும் கரடுமுரடான தரைக்கும் ஏற்ற நல்ல ஆல் டெரெய்ன் டயர், காற்று அளக்கும் மீட்டர், ஒரு கம்ப்ரஸர். ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்திருக்கும் டயரை மணலில் 18 அளவுக்கு இறக்கினால், அது நீளமாகப் படர்ந்து மணலின் மேலேயே மிதந்து போகும். புதைந்து கிடந்த எத்தனையோ வண்டிகளைக் கயிறே போடாமல், காற்றை மட்டும் இறக்கி வெளியே கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் அந்தக் காற்றில் வேகமும் சட்டென்ற திருப்பமும் கூடாது, டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும். ரோடு ஏறும் முன் மறுபடி நிரப்பிவிடுங்கள்.

இரண்டாவது செலவு, சேஸியில் போல்ட் போட்டுப் பொருத்தும், தாங்கும் அளவு குறித்த ரெக்கவரி பாயின்ட் (புதைந்த வண்டியை இழுக்கப் பெல்ட் மாட்டும் இடம்), முன்னும் பின்னும். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். டிரெய்லர் மாட்டும் டோ பால் என்கிற இரும்பு உருண்டையில் இழுவை பெல்ட்டைக் கட்டாதீர்கள். புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது அந்த உருண்டை முறிந்தால், நீண்டிருந்த பெல்ட் அதைக் குண்டு மாதிரி வீசும். அப்படி உருண்டை பின்கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்த வண்டியொன்று பட்டறைக்கு வந்தது. பின் சீட்டில் ஆள் இல்லை என்பதால் தப்பித்தார்கள். உலகில் பல இடங்களில் இப்படி உயிர்களே போயிருக்கின்றன.

வண்டிக்கு அடியில் தெரியும் மெல்லிய கம்பி வளையத்திலும் மாட்டாதீர்கள். அது லாரியில் ஏற்றும்போது வண்டியைக் கட்டி வைக்க மட்டும் கொடுத்தது. இழுக்கும்போது ஓட்டுநர்களைத் தவிர எல்லோரும் பெல்ட்டின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். பெல்ட்டை யாரும் தாண்ட வேண்டாம், படம் எடுப்பதற்காகக்கூட.