காளான் அறையில் காற்று திரும்பும் இடம்

சிப்பிக்காளான் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்பதைக் கருவி எதுவும் இல்லாமலேயே சொல்லிவிடலாம். காளானைப் பார்த்தால் போதும். உள்ளங்கை போல விரிய வேண்டிய குடை கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறுத்திருக்கும். அதைத் தாங்கும் காம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்திருக்கும். காளானும் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 420 பங்குக்குச் சற்று மேல். மூடிய அறையில் அது 1,000-ஐத் தாண்டி ஏறினால், தான் இன்னும் வைக்கோலுக்குள் புதைந்து கிடப்பதாகவே காளான் நடந்துகொள்ளும். குடையை விரிக்காமல் காம்பை நீட்டிக்கொண்டே போகும்.

எங்கள் அறையில் இதுதான் நடந்தது. இருபதுக்குப் பதினைந்து அடி, பத்தடி உயரம். முதலில் ஃபேன் சிறிது என்று நினைத்துப் பெரிதாக ஒன்று வாங்கி மாட்டினோம். சத்தம் கூடியது, காம்பு குறையவில்லை. அப்புறம்தான் காற்றை வெளியே கொண்டுபோகும் தகரக் குழாயான டக்ட்டைத் திரும்பிப் பார்த்தோம். ஃபேனிலிருந்து வெளிச்சுவர் வரை மூன்று இடங்களில் குழாய் திரும்பியது. மூன்றிலும் தகரத்தைச் செங்கோணமாக வெட்டி ஒட்டிய எல்போ, அதாவது திருப்பத் துண்டு.

காற்றுக்கு எடை உண்டு, ஓடத் தொடங்கினால் நேராகவே ஓடப் பார்க்கும். செங்கோண மூலையில் அது எதிர்ச்சுவரில் போய் மோதுகிறது. உள்மூலையை ஒட்டிச் சுழல் உண்டாகிறது. குழாய் ஆறு அங்குலமாக இருந்தாலும், அந்தச் சுழல் அடைத்தது போக மிச்சமுள்ள இடத்தில்தான் காற்று நெருக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதைக் கணக்காகப் பார்க்கலாம். எங்கள் அறையின் கொள்ளளவு 3,000 கன அடி, அதாவது 85 கன மீட்டர். மணிக்கு நான்கு முறை காற்று மாற வேண்டுமென்றால் 340 கன மீட்டர். ஆறு அங்குல வட்டக் குழாயில் அது நொடிக்குச் சுமார் 5.3 மீட்டர் வேகம். அந்த வேகத்துக்கான அழுத்தம் ஏறத்தாழ 17 பாஸ்கல். செங்கோண எல்போ ஒன்று அதைப்போல் 1.2 மடங்கைத் தின்றுவிடும், அதாவது 20 பாஸ்கல். குழாயின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆரத்தில் மெதுவாக வளையும் எல்போ எடுத்துக்கொள்வது நான்கு பாஸ்கல்தான். வேறு விதமாகச் சொன்னால், ஒரு செங்கோண எல்போ ஏழெட்டு மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். வளைந்த எல்போ ஒன்றரை மீட்டருக்குச் சமம். சமையலறையில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் சில பத்து பாஸ்கலுக்கே திணறும். மூன்று செங்கோணத்துக்கு மட்டும் 60 பாஸ்கல் கொடுக்க அதனால் முடியாது.

ஃபேனை வேகமாகச் சுற்றவிட்டுச் சமாளிக்கலாமா? காற்றை 20 சதவீதம் கூட்ட, மின்சாரம் 70 சதவீதத்துக்கு மேல் கூடும். மாதாமாதம் கரண்ட் பில்லில் கட்டுவதற்குப் பதில் தகரப் பட்டறையில் ஒருமுறை கூடுதலாகக் கொடுப்பதே மேல். பட்டறையில் எல்போ சொல்லும்போது 'ஐந்து துண்டு, ஆரம் ஒன்றரை விட்டம்' என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள். கையால் திருப்பித் திருப்பிக் கோணம் மாற்றும் எல்போவும் கடையில் கிடைக்கிறது. வேலைக்கு வசதிதான், ஆனால் துண்டுகள் சேரும் ஒவ்வொரு வளையத்திலும் காற்று கசியும். கோணம் முடிவானதும் அங்கெல்லாம் டேப் ஒட்டியாக வேண்டும்.

விட்டத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆறு அங்குலத்தை நான்காக்கினால், அதே அளவு காற்றுக்கு உராய்வு இழப்பு ஏழரை மடங்காகும். ஃபேனின் வாய் சிறிதாகவும் குழாய் பெரிதாகவும் இருந்தால் நடுவில் நீளமான கூம்பு வடிவ ரெடியூசர் போடுங்கள். குறுகும் பக்கம் காற்று எளிதாக நுழைந்துவிடும். திடீரென்று விரியும் இடத்தில்தான் சிதறிச் சக்தியை இழக்கும். ஃபேனின் வாயிலேயே எல்போவை ஒட்ட வைக்கவும் கூடாது. குறைந்தது மூன்று விட்டம் நேராக ஓடவிட்டுத் திருப்புங்கள்.

அலுமினிய நெளிகுழாய் மலிவு, எப்படியும் வளையும், எல்போவே வேண்டாம் என்பார்கள். காளான் அறைக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். நெளிவுகள் காற்றைத் தடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சிப்பிக்காளான் கொட்டும் வித்துத்தூள் அந்த நெளிவுகளில் போய்ப் படிகிறது, ஈரத்தோடு சேர்ந்து பசையாகிறது. வழவழப்பான தகரக் குழாயைக் கழற்றித் துணியால் துடைத்துவிடலாம். நெளிகுழாயைத் துடைக்க வழியில்லை. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அறையில் தினமும் அறுவடை செய்கிறவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வரக்கூடும். ஆகவே ஃபேனை டக்ட்டின் வெளிமுனையில் வையுங்கள். அப்போது அறைக்குள் இருக்கும் குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கமாகிவிடும். இணைப்பில் ஓட்டை இருந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமே தவிர, தூள் வெளியே வராது.

இனித் தண்ணீர். எனக்கு இந்தப் பாடம் தலையில் சொட்டிய பிறகுதான் புரிந்தது. 25 டிகிரியில் 90 சதவீத ஈரம் உள்ள காற்று 23 டிகிரி தகரத்தைத் தொட்டாலே வேர்க்கும். மார்கழி இரவில் கூரைக்கு மேலே போகும் குழாய் அதைவிடக் குளிர்ந்திருக்கும். உள்ளே வேர்த்த நீர் கீழ்நோக்கி வழியும். இங்கே இரண்டு விதிகள் மோதுகின்றன. குழாயின் சுருக்கிய முனை காற்று போகும் திசையில், அடுத்த குழாய்க்குள் நுழைய வேண்டும் என்பது காற்றின் விதி. நிமிர்ந்து மேலே ஏறும் குழாயில் அப்படிச் செருகினால், மேல் குழாயில் வழியும் நீர் இணைப்பின் வெளிப்பக்கமாகக் கசியும். கூரை ஓடுகளை எப்படி அடுக்குகிறோம்? மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படியும்படி. வெளிப்பக்க மழைக்கு அது சரி, குழாய்க்குள்ளே வழியும் நீருக்கு மேல்துண்டு கீழ்த்துண்டின் உள்ளே இறங்க வேண்டும். நிமிர்ந்த பகுதியில் நான் நீரின் பக்கம்தான் நிற்பேன். காற்றுக்கு அதனால் வரும் இழப்பு சொற்பம். படுக்கையாக ஓடும் பகுதியில் காற்றின் விதியையே வைத்துக்கொண்டு, வெளிச்சுவரை நோக்கி லேசான சரிவு கொடுங்கள். நீளவாக்கு மடிப்புத் தையல் மேல்பக்கம் இருக்கட்டும்.

இணைப்புகளில் துணி டேப் ஒட்டாதீர்கள். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 1998-இல் டக்ட் ஒட்டும் பொருட்களைச் சூடேற்றிச் சோதித்தபோது, 'டக்ட் டேப்' என்ற பெயரிலேயே விற்கும் துணி டேப்தான் மோசமாகக் கழன்றது. ஃபாயில் டேப் அல்லது பூசும் சீலண்ட் போதும். ரிவெட் அடித்து அதற்கு மேல் ஒட்டினால் அசையாது. ஒட்டி முடித்ததும் ஊதுவத்தியை இணைப்பைச் சுற்றி மெல்லக் கொண்டுபோங்கள். புகை எங்கே வளைந்து உள்ளே இழுக்கப்படுகிறதோ, அங்கே இன்னும் ஒரு சுற்று.

தகரம் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, போதும், ஆனால் அறையை பிளீச்சிங் கரைசலால் கழுவும்போது டக்ட் வாயை மூடிவிடுங்கள். அந்தக் குளோரின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். உள்வரும் வாயில் ஈ வலை கட்டும்போது குழாய் அளவுக்கே கட்டாமல், பெட்டி போல அகலமாக்கிக் கட்டுங்கள். நெருக்கமான வலை பாதித் துளையை நூலாலேயே அடைத்திருக்கும்.

எங்கள் டக்ட்டில் மிகத் தாழ்ந்த இடத்தில் எல்போவுக்குப் பதில் 'T' வடிவில் மூன்று வாய் உள்ள டீ ஃபிட்டிங் ஒன்றை வைத்து, கீழ்வாயில் மூடி போட்டிருக்கிறோம். திருப்பத்தில் அது வளைந்த எல்போவைவிடக் கூடுதலாகத்தான் இழக்கும். இருந்தும் அந்த ஓர் இடத்தில் அதை விட்டுக்கொடுத்தோம். வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றும்போது ஒரு தம்ளர் கலங்கிய தண்ணீர் இறங்குகிறது, அடியில் வெள்ளைக் களிம்பாக வித்துத்தூள்.