ஒரு கம்பி டிராம், இரு கம்பி பஸ்

முத்தியாரா எல்ஆர்டி (இலகு ரயில்) பணிகள் 2025 ஜனவரியில் தொடங்கியதிலிருந்து, பினாங்கில் பழைய ஜார்ஜ்டவுன் படங்களுக்குத் திடீர் மவுசு. அவற்றைப் பார்த்த புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிராமின் கூரையில் ஒரே ஒரு தண்டு. டிராலி பஸ்ஸுக்கு மட்டும் ஏன் இரண்டு?" (தண்டவாளம் இல்லாமல், மேல்கம்பி மின்சாரத்தில் சாலையில் ஓடும் பஸ்தான் டிராலி பஸ்.)

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1880களில் நீராவி டிராம், 1906இல் மின்சார டிராம், 1925இல் டிராலி பஸ். 1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலி பஸ்ஸும் டீசல் பஸ்ஸுக்கு இடம்விட்டது.

இனி கேள்விக்கு வருவோம். மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். டிராமில் அது மேல்கம்பி வழியாக வந்து, மோட்டாரைச் சுழற்றி, இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. தண்டவாளமே இரண்டாவது கம்பி. பஸ்ஸின் ரப்பர் டயர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே திரும்பும் வழியையும் தலைக்கு மேலேதான் கட்ட வேண்டும்: கம்பி இரண்டு, அவற்றைத் தொடும் தண்டும் இரண்டு.

விடை இவ்வளவுதான். ஆனால் என்னை மயக்குவது தண்டவாளத்தின் கதை. அது மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால், திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி ஈரமண்ணுக்குள் கசிகிறது. மண்ணில் போன மின்சாரம் மறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மறையாது. அருகில் இரும்புக் குடிநீர்க் குழாய் இருந்தால், அதில் ஏறிப் பயணம் செய்யும். ஏறும் இடத்தில் குழாய்க்குத் தீங்கில்லை; துருப்பிடிப்பதுகூடக் குறையும். துணைமின் நிலையத்தை நெருங்கியதும் மின்னோட்டம் குழாயை விட்டு மண் வழியே வெளியேறும். அங்கேதான் அழிவு. இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகி, மண்ணின் ஈரத்தில் கரைந்துபோகின்றன. பள்ளியில் படித்த மின்னாற்பகுப்பேதான். ஃபாரடே விதிப்படி கணக்கிட்டால், ஒரே ஓர் ஆம்பியர் ஓராண்டு தொடர்ந்து வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு கரையும்! டிராம் மோட்டார்களோ பல பத்து ஆம்பியர் இழுப்பவை. அதனால்தான் பிரிட்டனில், தண்டவாளத்தின் எந்த இரு புள்ளிகளுக்கு இடையிலும் 7 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்று விதியே போட்டார்கள்.

இரு கம்பி பஸ் இந்தத் தொல்லையை அடியோடு நீக்கியது. பதிலுக்கு வேறோர் ஆபத்து வந்தது. டிராமின் உடல் தண்டவாளத்தோடு இணைந்திருப்பதால் அதைத் தொடுபவர் பாதுகாப்பாக இருப்பார். டயர்மேல் நிற்கும் பஸ்ஸில் மின்காப்பு பழுதானால், மழைநாளில் ஒரு கால் தரையிலும் ஒரு கை கைப்பிடியிலுமாக ஏறுபவர் வழியாக மின்சாரம் பாயக்கூடும். ஆகவே மின்காப்பை இரட்டிப்பாக்கி, அடிக்கடி சோதிக்க வேண்டியிருந்தது.

பினாங்கு சாலையில், சூலியா தெருச் சந்திப்பருகே, பழைய டிராம் தண்டவாளத்தின் ஒரு துண்டைக் காணலாம். அதன் மேல் ஓடிய வண்டியைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அதற்குள் ஓடிய மின்சாரத்தை மாணவருக்கு யார் சொல்வது? பாரம்பரியக் கட்டடங்களுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கையாவது பொறியியல் வரலாற்று ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியைக்கு ஒன்று சொல்வேன். மாணவர்களைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றால், கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தின் நடைமேடையிலிருந்து பாதையின் ஓரத்தைக் காட்டுங்கள். சக்கரம் ஓடும் தண்டவாளங்கள் தவிர, மின்சாரத்துக்கென்றே இரண்டு தண்டவாளங்கள் இருக்கும்: வருவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று.